மருந்தடிப்பவர் மேல் பழி போடலாமா?

வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்தார் என்று செய்தி வந்தால், அதற்கு அடுத்த வரியை யாரும் ஊகித்துவிடலாம். "கையுறை போடவில்லை, முகமூடி கட்டவில்லை" என்பதுதான் அது. பிறகு ஊரில் ஒரு கூட்டம் நடக்கும். தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட ஒரு மனிதரின் படம் போட்ட நோட்டீஸ் கொடுப்பார்கள். கண்ணாடி, முகமூடி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், மேலே ஓர் அங்கி. (மறுநாள் அந்த நோட்டீஸ் டீக்கடையில் வடை மடிக்கப் பயன்படும் என்பது வேறு விஷயம்.) இப்படிப்பட்ட மனிதர் ஒருவரைச் சித்திரை வெயிலில் கத்தரித் தோட்டத்திலோ பருத்திக் காட்டிலோ நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நோட்டீஸில் இருப்பது தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அது கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்விகளை அப்படியே விட்டுவிடுகிறது.

2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பலர் கூலிக்கு மருந்து அடிக்கப் போனவர்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்திருந்தது. அதற்குள் நுழைந்து, தலைக்கு மேல் குழாயைத் தூக்கி அடித்தால் மருந்து யார் மேல் விழும்? இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தும் அடித்திருக்கிறார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்த சிலர் உயிரிழந்தார்கள். அப்போதும் பாதுகாப்பு உடை அணியாத குறைதான் பெரிதாகப் பேசப்பட்டது. செடியின் உயரமும், கடையில் கொடுத்த கலவையும், புட்டியில் இருந்த நஞ்சின் கடுமையும் பேச்சில் பின்னுக்குப் போய்விட்டன.

விபத்து நடந்தால் வேலை செய்தவன் மேல் குற்றம் சொல்லும் வழக்கம் விவசாயத்தில் தோன்றியதல்ல. தொழிற்சாலைகளில் இருந்து வந்தது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர் 1931-ல் ஒரு புத்தகம் எழுதினார். நூறு விபத்துகளில் 88-க்குத் தொழிலாளியின் தவறான செயலே காரணம் என்று அதில் சொன்னார். இந்தக் கணக்கு பல நாடுகளில் பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்பட்டது என்று கேட்டார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் கோப்புகளும் தொழிற்சாலைகளின் பதிவேடுகளும்தான் அதற்கு ஆதாரம். விபத்துக்குக் காரணம் என்ன என்று அவற்றில் எழுதிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மேலாளர்களும் மேஸ்திரிகளும். மேஸ்திரி எழுதினால் யார் மேல் குற்றம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்றைய தொழில் சுகாதார நிபுணர்கள் வேறு வரிசையில் யோசிக்கிறார்கள். முதலில், ஆபத்தான பொருளே இல்லாமல் வேலையை முடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளைத் தேடுகிறார்கள். அதற்குப் பிறகு கருவியைத் திருத்துகிறார்கள், அதன் பின் வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மாற்றுகிறார்கள். முகமூடிக்கும் கையுறைக்கும் இந்த வரிசையில் கடைசி இடம். முன்னால் உள்ள படிகளைத் தாண்டி மிச்சம் நிற்கும் ஆபத்துக்கு மட்டுமே அவை. மருந்தடிப்பில் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கிறது.

விவசாயிகளின் நிலை என்ன என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தென்னிந்தியாவில் 631 விவசாயிகளிடம் விசாரித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 88 சதவிகிதம் பேர் மருந்தைக் கையாளும்போது எந்தப் பாதுகாப்பும் செய்துகொள்ளவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர். அளவுக்கு மீறிய வியர்வை, கண் எரிச்சல், தொண்டை வறட்சி ஆகியவை அவர்கள் அதிகமாகச் சொன்ன கோளாறுகள்.

பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்றால், ஒன்பது பேரும் அலட்சியக்காரர்கள் என்று முடிவு கட்டுவது சரியாகுமா? அந்தக் காரியம் அவர்களால் செய்யக்கூடியதாக இல்லை என்று நினைப்பதே நியாயம்.

பருத்தி விளையும் மூன்று கிராமங்களில் நடந்த இன்னொரு இந்திய ஆய்வு 2005-ல் வெளியானது. அதில் 50 பெண்கள், மருந்தடித்த ஒவ்வொரு முறைக்குப் பிறகும் தங்களுக்கும் வீட்டு ஆண்களுக்கும் உடம்பில் தெரிந்த மாறுதல்களைக் குறித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 323 முறை. அவற்றில் நூற்றுக்கு 83-க்கு மேல் ஏதாவது ஒரு நச்சு அறிகுறி இருந்தது. மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட முறைகளும் உண்டு. ஆனால் ஒருவர்கூட வைத்தியம் பார்க்கப் போகவில்லை. நிலம் அதிகம் உள்ளவர்களைக் காட்டிலும் சிறு, குறு விவசாயிகளே கடுமையான பாதிப்புக்கு ஆளானார்கள்.

இந்த ஆய்வில் மிகவும் கவனிக்க வேண்டியது பெண்களைப் பற்றிய செய்தி. குழாயைப் பிடித்து அடிப்பவர் ஆண்தான், பெண் தண்ணீர் கொண்டுவந்து மருந்தைக் கலந்து டாங்கை நிரப்பித்தானே தருகிறாள், அவளுக்கு என்ன ஆபத்து என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. கலக்கும் வேலையும் நிரப்பும் வேலையும் அடிக்கும் வேலைக்குச் சமமான ஆபத்து உள்ளவை என்று அந்த ஆய்வு கண்டது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். லிட்டருக்கு 2 மில்லி கலக்கும் மருந்து என்றால், டாங்கில் இருப்பதைவிடப் புட்டியில் இருப்பது 500 மடங்கு காரம். கலக்கும்போது கையில் பட்ட ஒரு சொட்டு, அடிக்கும்போது மேலே படும் 500 சொட்டுக்குச் சமம். கையை விட்டுக் கலக்குவதையும், மூடியால் அளந்து ஊற்றும்போது விரலில் வழியவிடுவதையும் நிறுத்தினாலே பெரிய ஆபத்து விலகும். அதற்கு வேண்டியவை ஒரு நீண்ட குச்சி, ஓர் அளவுக் குவளை, ஒரு ஜோடிக் கையுறை. கையுறை மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். கலப்பது ஐந்து நிமிட வேலையாதலால் வெயிலிலும் அதைப் போட்டுக்கொள்வது சிரமமில்லை.

இப்போது ட்ரோன் மூலம் மருந்தடிக்கும் முறை பரவி வருகிறது. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2023-ல் ஒப்புதல் கிடைத்தது. முதுகில் சுமக்கும் வேலையும் செடிக்குள் நுழையும் வேலையும் இதனால் குறையும், நல்லதே. ஆனால் ட்ரோன் டாங்கை நிரப்புவது கைதான். அதில் ஊற்றும் கலவையும் சாதாரணமாகக் கைத்தெளிப்பானில் ஊற்றுவதைவிடக் காரமாகவே இருக்கும்.

மருந்து உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதிலும் தவறான எண்ணம் இருக்கிறது. நாற்றம் மூக்கில் ஏறுவதால், மூக்கு வழியாகத்தான் விஷம் போகிறது என்று நினைத்து முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் வயலில் கைத்தெளிப்பானால் அடிக்கும்போது பெரும்பகுதி மருந்து படுவது தோலில். மருந்தில் நனைந்த துண்டு முகத்தோடு ஒட்டிக் கிடந்தால் கட்டாமல் இருப்பதைவிடக் கெடுதலாகவும் முடியலாம்.

தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. அமெரிக்க ஆராய்ச்சியாளர் மெய்பாக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், பாரத்தியான் என்ற மருந்தை உடம்பின் பல இடங்களில் மிகச் சிறிய அளவில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் தடவியதில் 9 சதவிகிதம் அளவு உள்ளே போனது. உள்ளங்கையில் 12. தலைத்தோலில் 32. அக்குளில் 64. ஆண்களின் விதைப்பையில் தடவியதோ ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விட்டது.

இதைத் தெரிந்துகொண்டு முதுகில் சுமக்கும் டாங்கைப் பார்க்க வேண்டும். மூடியின் வாஷர் தேய்ந்துபோனால் குனியும்போதெல்லாம் மருந்து கழுத்தில் சிந்துகிறது. முதுகு வழியாக இறங்கி, இடுப்பு வேட்டியை நனைத்து, தொடை இடுக்கில் தேங்குகிறது. உடம்பிலேயே விஷத்தை மிக எளிதாக உள்ளே விடும் இடம் அது. அந்த ஈர வேட்டியோடு இன்னும் ஆறேழு டாங்க் அடித்தாக வேண்டும். இவ்வளவுக்கும் காரணம் மலிவு விலையில் கிடைக்கும் ஒரு வாஷர். விலை உயர்ந்த முகமூடி வாங்கிக் கட்டினாலும் இந்த ஒழுக்கு நிற்காது.

கருவியைத் திருத்தினால் மனிதனைத் திருத்த வேண்டிய தேவை பாதி குறையும் என்பதற்கு இலங்கையில் ஒரு பழைய உதாரணம் உண்டு. பூச்சியியல் அறிஞர் பெர்னாண்டோ 1956-ல், நெல் வயலுக்காகத் தெளிப்பானின் அமைப்பை மாற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்னால் நீட்டிப் பிடிக்கும் குழாய்க்குப் பதிலாக, மருந்து முதுகுக்குப் பின்னால் விழும்படி அது அமைந்தது. நடப்பவர் காய்ந்த பயிருக்குள் போகிறார், நனைந்த பயிர் அவருக்குப் பின்னால் நிற்கிறது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் பருத்திக்கும் இதே போன்ற பின்குழாய் அமைப்பைச் செய்து பார்த்தார்கள். குழாயை முன்னால் பிடித்து, தான் அடித்த மருந்துக்குள் தானே நடந்து போவதில் உள்ள முட்டாள்தனம் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்றும் கடையில் விற்பது முன்குழாய்த் தெளிப்பானே. மானியத்தில் தெளிப்பான் கொடுக்கும் திட்டங்கள் எத்தனையோ வந்தன. பின்குழாய் உள்ளதைக் கொடுத்தால் என்ன என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அது கிடைக்கும் வரை செய்யக்கூடியது, காற்றுக்குக் குறுக்கே நடப்பது. காற்று போகும் பக்கமாகக் குழாயை நீட்டி அடித்துவிட்டு, அடுத்த வரிசைக்குக் காற்று வரும் பக்கமாக நகர வேண்டும். அப்படிச் செய்தால் நனைந்த பயிருக்குள் திரும்பப் போக வேண்டியதில்லை. ஆளுயரம் வளர்ந்துவிட்ட செடிக்குள் கைத்தெளிப்பானோடு நுழையவே கூடாது.

நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் இன்னும் போகவில்லை. இதைக் கண்டித்துப் பேசாத அதிகாரி இல்லை. ஆனால் வேலைக்கு நடுவில், கூலி ஓடிக்கொண்டிருக்கும்போது, கையில் வேறொன்றும் இல்லாதவர் என்ன செய்வார்? மாற்று நாசில் ஒன்றும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷும் மடியில் இருந்தால் யாரும் வாயை வைக்கப் போவதில்லை. ஊற்றும்போது தண்ணீரை வடிகட்டினால் அடைப்பே குறையும்.

கூலியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்தடிப்பவருக்குப் பல ஊர்களில் நாள் கூலி கிடையாது, டாங்குக்கு இவ்வளவு என்று கணக்கு. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் நிறுத்தினால் அவருக்கு அந்த டாங்குகளின் காசு போகிறது. இடையில் கை கழுவினால், காற்று தணியக் காத்திருந்தால், ஒழுகும் மூடியைச் சரிசெய்ய உட்கார்ந்தால், ஒவ்வொன்றும் அவர் பையில் இருந்து போகிறது. கூலியை அவசரத்துக்கென்று வைத்துவிட்டு நிதானத்தைப் போதிப்பதில் பயனில்லை. இது சிறு விவசாயியின் கையிலேயே இருக்கும் விஷயம். அவரே ஒரு நாள் தன் வயலில் ஆள் வைப்பவர், மறுநாள் இன்னொருவர் வயலில் டாங்க் சுமப்பவர். காலை நேரத்துக்கு மட்டும் என்று மொத்தமாகக் கூலி பேசிக்கொள்வதால் நிலக்காரருக்கு வரும் கூடுதல் செலவு, ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவில் கால் பங்கு இராது. வரப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு கட்டி சோப்பும் வைப்பதும் நிலக்காரர் பொறுப்பே.

இவையெல்லாம் மருந்து அடித்தே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு வரும் பேச்சு. அந்த முடிவே சரிதானா என்பதுதான் முதல் கேள்வி.

வியட்நாமில் லாங் ஆன் மாகாணத்தில் 1994-ல் ஓர் இயக்கம் நடந்தது. விதைத்த முதல் 40 நாளில் நெல்லின் இலைச் சுருட்டுப் புழுவுக்கு மருந்து தேவையில்லை என்பது மட்டுமே அதன் செய்தி. வானொலி நாடகங்கள் போட்டார்கள், துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் ஹியோங், எஸ்கலாடா ஆகியோர் இதற்கு முன் பிலிப்பைன்சில் விவசாயிகளின் மனப்போக்கை ஆராய்ந்திருந்தார்கள். இலை வெள்ளையாகத் தெரிந்தவுடன் விளைச்சல் போய்விடும் என்ற பயத்தில்தான் விவசாயி டாங்கைத் தூக்குகிறார். இளம் பயிர் அந்தச் சேதத்தைத் தானாகவே ஈடுசெய்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியவில்லை. "அடிக்காதே" என்று யாரும் உத்தரவு போடவில்லை. வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள், அறுவடையில் வித்தியாசம் இருக்கிறதா என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள் என்றார்கள். அளந்து பார்த்தவர்கள் மருந்தைக் குறைத்தார்கள். எத்தனை நோட்டீஸ் கொடுத்தாலும் நடக்காத மாற்றம் இது.

தமிழ்நாட்டிலும் பொருளாதாரச் சேத நிலை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நெல் தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவிகித இலைச் சேதத்துக்கும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் ஐந்து சதவிகிதச் சேதத்துக்கும் கீழே இருந்தால் இலைச் சுருட்டுப் புழுவுக்கு அடிக்க வேண்டியதில்லை. அடிக்காத மருந்தால் யாரும் மயங்கி விழுவதில்லை. காசும் மிச்சம், சிலந்தியும் பொறிவண்டும் பிழைத்துக் கிடக்கும்.

அடித்தே தீர வேண்டும் என்றால் புட்டியில் உள்ள முக்கோணத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பால் என்று அர்த்தமல்ல. உடனடியாகக் கொல்லும் சக்தி குறைவு, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் உடம்பில் என்ன செய்யும் என்பதை இந்த நிறங்கள் சொல்வதில்லை. ஒரே பூச்சிக்கு நீல முக்கோண மருந்து இருக்கும்போது சிவப்பைக் கையில் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரிடம் ஏன் என்று கேட்கலாம். மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோண மருந்து. 2017-ல் யவத்மாலில் அடித்த மருந்துகளில் அதுவும் ஒன்று. காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் 2023-ல்தான் 36 சதவிகிதக் கரைசலுக்கு முழுத் தடை ஆணை பிறந்தது. இந்த இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் பருத்திக் காட்டில் அதைச் சுமந்தவர்களிடம் கையுறையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

உலக உணவு விவசாய நிறுவனம் 1985-ல் மருந்துகளுக்கான நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டது. பின்னால் அவை திருத்தப்பட்டன. இன்று உள்ள வடிவில் ஒரு விதி தெளிவாக இருக்கிறது. போட்டுக்கொள்ளச் சங்கடமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை எந்த மருந்துக்குத் தேவைப்படுகிறதோ, அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும், முக்கியமாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் பயன்படுத்தும் இடங்களில் என்பது அதன் சாரம். நோட்டீஸில் உள்ள மனிதரின் அங்கியைச் சித்திரை வெயிலில் போட முடியாது என்றால், அந்த மருந்து இந்த வெயிலுக்கு ஏற்றதல்ல.

இந்தியாவில் பூச்சிமருந்துச் சட்டம் 1968-ல் வந்தது, விதிகள் 1971-ல் வந்தன. மருந்தைக் கையாளும் வேலையில் இருப்பவர்களை டாக்டர் பரிசோதிக்க வேண்டும், பாஸ்பரஸ் வகை மருந்துகளோடு புழங்குபவர்களின் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதிகளில் இருக்கிறது. பாதிப்பு முற்றுவதற்கு முன் அதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இது. டாங்குக் கூலிக்கு அடிப்பவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு பரிசோதனை இருப்பதாவது தெரியும்? பருத்தி அதிகம் விளையும் வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் இந்தப் பரிசோதனையைச் செய்து கொடுத்தால், யார் சிறிது காலம் டாங்கைத் தொடக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். விவசாயிகள் சங்கங்கள் கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது. கிராம சபையில் தீர்மானம் போடவும் தகுந்தது.

அடித்து முடித்த பின் தலைவலி, குமட்டல், வாயில் எச்சில் ஊறுதல், பார்வை மங்கல், கண்பாவை சுருங்குதல், தசை துடித்தல், மார்பு இறுகுதல் ஆகியவற்றை வெயில் அசதி என்று சொல்லிப் படுக்க வைக்கக் கூடாது. உடனே துணிகளைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலை உட்பட நன்றாகக் குளிப்பாட்டி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குளிப்பாட்டுபவர் கையிலும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருந்துப் புட்டியையோ அதன் லேபிளையோ கூடவே எடுத்துப் போவது அவசியம். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தை உடனே கொடுக்க முடியும். இரண்டு மூன்றைக் கலந்து அடித்திருந்தால் அத்தனை புட்டிகளையும் கொண்டுபோக வேண்டும்.